சாயம் மிதித்த கால்

ஆக்லாந்தில் ஒரு சூப்பர் மார்க்கெட். வரிசையில் எனக்கு முன்னால் ஒருவர் நின்றார். நல்ல கோட்டு, கைக்கடிகாரம், விரலில் கார் சாவி, எல்லாம் இருந்தது. காலில் மட்டும் ஒன்றும் இல்லை. வெளியே குளிர்காலத்து மழை. நான் காஞ்சிபுரத்துக்காரி. பெரிய மனுஷர் வெறுங்காலோடு நின்றால் ஒன்று வேண்டுதலாக இருக்கும், இல்லையென்றால் கோயில் வாசலில் செருப்பு தொலைந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றும். தெரிந்த இங்கிலீஷை எல்லாம் திரட்டி, அவர் காலைக் காட்டி, "டெம்பிள்?" என்று கேட்டேன். அவர் குனிந்து தன் காலைப் பார்த்துவிட்டு, "யா, நா" என்றார். ஆமாம், இல்லை இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது இந்த ஊர் வழக்கம். என் வீட்டுக்காரரும் இருந்தவரைக்கும் நான் எதைக் கேட்டாலும் அப்படித்தான் பதில் சொன்னார். அதனால் எனக்குப் பழக்கம்தான்.

பேத்தி நிலா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "ஆயா, மானத்த வாங்காதே. இங்க எல்லாரும் இப்டித்தான் நடந்துக்கினு இருப்பாங்க." அவள் தமிழ் முழுக்க என் உபயம். திட்டுவதற்கு மட்டும் நன்றாக வருகிறது.

நம்ம ஊரில் இதைப் படிப்பவர்கள் நம்பமாட்டீர்கள். இங்கே பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கே வெறுங்காலோடு போகிறார்கள். வீட்டு வாசலில் ரெண்டு கார் நிற்கும். பிள்ளை சேற்றை மிதித்துக்கொண்டு சிரித்தபடி போகும். கேட்பார் கிடையாது. இது என்னைவிட என் மகள் சுமதியைத்தான் அதிகம் படுத்தியது. நாற்பது வயதில் அவளுக்கு டீச்சராகும் ஆசை வந்தது. கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுப் படித்தாள். கடைசியாக ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அங்கே ஹெலன் என்று ஒரு மூத்த டீச்சர். அந்த அம்மா நல்லவிதமாக எழுதிக் கொடுத்தால் இவள் டீச்சர். இல்லையென்றால் மறுபடி பில்.

சுமதி படித்தது எங்கள் பிள்ளையார்பாளையத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம். நாங்கள் பட்டு நெய்கிற குடும்பம். அவள் அஞ்சாம் வகுப்பு போனபோது யாரோ புண்ணியவான் அந்த வகுப்புக்கு மொசைக் தரை போட்டுக் கொடுத்தார். புதுத் தரைக்கு அவர்கள் டீச்சரே காவல்காரி ஆகிவிட்டார். தினமும் வாசப்படியில் நின்றுகொண்டு, "கால காட்டு" என்பார். பிள்ளைகள் வரிசையாக உள்ளங்காலைத் தூக்கிக் காட்ட வேண்டும். குதிரைக்கு லாடம் பார்க்கிற மாதிரி. எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகிற சந்தில் ஒரு சாயப்பட்டறை இருந்தது. சாயம் தோய்த்த பட்டை மூங்கிலில் தொங்க விடுவார்கள். அது சொட்டிச் சொட்டி சந்து பூராவும் ஈரமாக இருக்கும். ஒரு நாள் அரக்குச் சாயம். சுமதியின் செருப்பு வார் அறுந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அன்றைக்கு அவள் தாமதமாக ஓடிப் போயிருக்கிறாள். வாசப்படியில் டீச்சர் இல்லை. நேரே உள்ளே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். திரும்பிப் பார்த்தால் வாசலிலிருந்து அவள் இடம் வரைக்கும் சிவப்பு சிவப்பாகக் கால்.

வீட்டுக்கு வந்தபோது பாவாடையின் கீழ்ப்பக்கம் முழுக்க அரக்காக இருந்தது. "இன்னாடி, பொடவைக்கு பார்டர் போடறது போதாதுன்னு பாவாடைக்கும் போட்டுக்கினு வந்தியா?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. எதிர்வீட்டுத் தெலுங்குக்காரம்மா மகளும் அதே வகுப்பு. அவள்தான் சொன்னாள். டீச்சர் இவள் பாவாடையாலேயே தரையைத் துடைக்கச் சொல்லியிருக்கிறார். வகுப்பே சுற்றி உட்கார்ந்து பார்த்திருக்கிறது. சாயம் பட்டில் பிடிப்பது போலவே மொசைக்கிலும் பிடித்துக்கொண்டது. போகவில்லை. அந்த வருஷம் முழுக்க அந்தப் பிள்ளைகள் இவள் காலை மிதித்துக்கொண்டுதான் உள்ளே போனார்கள்.

அந்தத் தெலுங்குக்காரம்மா வீட்டில் கிருஷ்ணர் பிறந்த நாளுக்கு வாசலிலிருந்து பூஜை அறை வரைக்கும் மாவில் குட்டிக் குட்டியாகக் கால் போடுவார்கள். அந்த வருஷம் சுமதி அதைப் பார்க்கப் போகவில்லை. தெருக் குழாயடியில் உட்கார்ந்து உள்ளங்காலைக் கல்லால் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோல் உரிகிற வரைக்கும் தேய்த்தாள்.

இங்கே வந்த பிறகு அவள் வீட்டுக்குள்ளும் காலுறையோடுதான் இருப்பாள். குளிருக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் ஒரு பிள்ளை பால் கொட்டினால் இவள் ஓடிப்போய்த் துடைக்கிறாளாம். ஹெலன், "கொட்டின பிள்ளையே துடைக்கட்டும், அதுவும் படிப்புதான்" என்கிறாராம். "அது மட்டும் என்னால முடியாதும்மா" என்று என்னிடம் சொன்னாள். பிள்ளைகள் உள்ளே வரும் நேரத்தில் வாசலில் நிற்கவே மாட்டாளாம். உள்ளே போய் உட்கார்ந்துகொள்வாளாம். இந்தப் பழக்கமெல்லாம் எந்தக் காலேஜில் கற்றது என்று எனக்குத் தெரியும்.

அந்த வகுப்பில் மியா என்று ஒரு பெண். மழை கொட்டுகிற ஒரு நாள் வெறுங்காலோடு வந்திருக்கிறாள். முட்டி வரைக்கும் சேறு. சுமதிக்குத் தாங்கவில்லை. மண்டியிட்டு, துண்டால் அந்தக் காலைத் துடைத்து, நிலாவுக்குச் சின்னதாகிப்போன செருப்பை மறுநாளே கொண்டுபோய், யாரும் பார்க்காமல் மியாவின் பைக்குள் வைத்துவிட்டாள். யார் கண்ணிலும் படக் கூடாது என்பதில் மட்டும் அவ்வளவு கவனம். ஊர் வழக்கம் தெரிந்தும், இந்தப் பிள்ளைக்குச் செருப்பு வாங்க வழியில்லை என்று முடிவே கட்டிவிட்டாள். நம்ம ஊர்க்காரர்கள் யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

அடுத்த நாள் மியாவின் அம்மா செருப்போடு வந்தார். கோபப்படவில்லை. இவர்கள் கோபத்திலும் சிரித்துக்கொண்டேதான் பேசுவார்கள். "இவளுக்கு ஆறு ஜோடி இருக்கிறது. எங்களைப் பற்றி என்ன நினைத்தீர்கள்?" சுமதி, "சாரி, மழை" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். வேறு என்ன சொல்வது? ஹெலன் தனியாகக் கூப்பிட்டு, "அந்தப் பிள்ளையை நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லையே. காலைப் பார்த்தே தீர்மானம் செய்துவிட்டீர்களே" என்றாராம்.

அன்று சாயங்காலம் வந்ததும் பையை எறிந்தாள். "இனிமே நான் ஸ்கூலுக்குப் போவல."

"இதையேதான் அஞ்சாங்கிளாஸ்லயும் சொன்ன. அப்பவே உன்ன உட்டிருந்தா எனக்குத் தறியில கூட ஒக்கார ஒரு ஆள் கெடச்சிருக்கும்."

"கிண்டல் பண்ணாதம்மா. அந்தப் பொண்ணு இன்னிக்கு ஷூ போட்டுக்கினு வந்துது. கால நாற்காலிக்கு அடியில மடக்கி வெச்சிக்கினு ஒக்காந்துக்கினு இருக்குது. நான் பக்கத்துல போனா இன்னும் மடக்கிக்குது. அந்த டீச்சர் பண்ணதத்தானம்மா நானும் பண்ணிட்டேன்?"

காப்பி போட எழுந்து போனேன்.

மறுநாள் அவள் போனாள். மொசைக் கதையை ஹெலனிடம் சொன்னாளாம். அவள் புருஷனிடம்கூட அதைச் சொன்னதில்லை. ஹெலன், "இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்களேன்" என்றாராம். அந்தப் பள்ளிக்கூடத்தில் கடைசி நாள் சுமதி ஷூவையும் காலுறையையும் கழற்றிவிட்டுப் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறாள். சிவப்புக் கால் என்றதும் பிள்ளைகளுக்கு ஒரே குஷி. தங்களுக்கும் வேண்டும் என்று கூச்சல். பெரிய காகிதத்தை விரித்து, தட்டில் சிவப்புப் பெயின்ட் ஊற்றி, எல்லோரும் மிதித்து நடந்தார்களாம். யாரையும் துடைக்கச் சொல்லவில்லை. காகிதத்தைச் சுவரில் மாட்டிவிட்டார்கள்.

"மியாவும் மிதிச்சாளா?" என்றேன்.

"இல்லம்மா. ஷூவ கழட்டவே இல்ல. ஓரமா ஒக்காந்து பாத்துக்கினு இருந்தா. இப்பல்லாம் ஊட்டுலயும் கழட்ட மாட்டேங்கறாளாம்."

ஹெலன் நல்லவிதமாகத்தான் எழுதிக் கொடுத்திருந்தார். சுமதி டீச்சராகிவிட்டாள். அன்று சாயங்காலம் அதை நிலாதான் படித்துச் சொன்னாள். சுமதி ஹெலன் எழுதின காகிதத்தைத் திருப்பிக் கையில் வாங்கவே இல்லை. ஏனென்றால் அவள் அப்போது தரையைப் பார்த்துவிட்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு மழையில் வெறுங்காலோடு வந்திருந்தாள். காய்ந்திருந்த பெயின்ட் ஈரத்தில் இளகி, வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் வெள்ளைத் தரையில் சிவப்பு சிவப்பாகக் கால். எனக்கு ஒரு நிமிஷம் கிருஷ்ணர் பிறந்த நாள் மாதிரி இருந்தது. அவள் சட்டென்று மண்டியிட்டாள். கையில் துணி தேடவில்லை. துப்பட்டாவாலேயே துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

"உடுடி. இது நம்ம ஊடுதானே."

"வாடக ஊடும்மா. கறை புடிச்சிக்கிட்டா கேப்பாங்க" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

எல்லாவற்றையும் துடைத்தாள். வாசப்படியில் இருந்த ஒன்றை மட்டும் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை. குதிகால் வெளியே, விரல்கள் உள்ளே. இன்று காலை பார்த்தேன். வெளியே இருந்த குதிகாலை மழை கழுவிக்கொண்டு போய்விட்டது. அஞ்சு விரலும் உள்ளே அப்படியே நிற்கின்றன. மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் போய்வருகிறேன்.