போயிட்டு வாறன்

இதை எழுதச் சொன்னதே சந்திரசேகரன்தான். தேதி, மணி எல்லாம் அவர் குறித்து வைத்தவை. நான் எதையும் கூட்டவில்லை. பட்டப்பகலில் நடந்ததுதானே என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள்.

1999, ஆகஸ்ட் 12, வியாழக்கிழமை. பினாங்கு, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு கடையின் மாடியறை. சந்திரசேகரனுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. ஊர் விழித்திருக்கும்போது அவர் தூங்க வேண்டும். பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. இருந்த ஒரே துணை, கணினித் திரையில் வரும் விஸ்வலிங்கம் அண்ணன்தான்.

இணையத்தில் உடனுக்குடன் அரட்டை அடிக்கும் ஒரு புரோகிராமை எழுதியவர் அவர். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று நிரலைப் பொதுவில் விட்டிருந்தார். அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில் சந்திரசேகரன் அதைத் திருத்த இறங்கிய முதல் நாளே அண்ணன் வந்து பேசினார். அன்றிலிருந்து தினமும் பிற்பகல் சரியாக 2.17க்கு வருவார். அதே தீவின் மறுபக்கம், பாலிக் புலாவில் அவர் வீடு. "சாப்பிட்டியா தம்பி? இங்க மழை விடலைலா" என்பார். வெயில் கொளுத்தும் நாளிலும் அதே மழை. அவர் எந்தக் கணினியிலிருந்து வருகிறார் என்று காட்ட வேண்டிய இடம் மட்டும் காலியாகவே இருக்கும். ஏதோ கோளாறு என்று நினைத்துத்தான் சந்திரசேகரன் நிரலைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தார்.

ஒருவர் வெளியேறினால் மற்றவர் திரையில் 'போயிட்டு வாறன்' என்று விழும். நிரலில் அந்தப் பகுதிக்கும் அதே பெயர். நீளமாக இருக்கிறதே என்று 'போறன்' என வெட்டினார். வீட்டில் அப்படிச் சொல்லிவிட்டுக் கிளம்பினால் அம்மா திரும்பக் கூப்பிட்டு, "வரேன்னு சொல்லு" என்பார். நிரலுக்கு ஏது சாங்கியம் என்று சிரித்துக்கொண்டார்.

2.17. திரையில் அண்ணன் பெயர் வந்தது.

"தம்பி, வாறன் எங்க?"

"நீளமா இருந்துச்சு அண்ணே. வெட்டிட்டேன்."

மணி 2.20.

"அது எனக்கு வேணும்லா."

டக்.

மோடத்தின் விளக்குகள் அணைந்தன. தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தார். லைனே இல்லை.

ஆனால் திரையில் எழுத்து விழுந்தது. ஒவ்வொன்றாக...

போ... ற... ன்.

பெயர் மறைந்தது. மணி 2.21.

சந்திரசேகரன் 'வாறன்' என்ற சொல்லைத் திரும்பப் போட்டார். மறுநாள் லைன் திரும்பியதும் 2.17க்குக் காத்திருந்தார். வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அண்ணனுக்குக் கோபம், மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று ஏழாம் நாள், நிரலின் முதல் வரியில் அண்ணன் போட்டிருந்த தொலைபேசி எண்ணை அழைத்தார்.

எடுத்தவர் விஸ்வலிங்கத்தின் மனைவி யோகலட்சுமி.

"அவர் போன வருஷம் ஜூன்லயே தவறிட்டாரே தம்பி. மழையில, மலை ரோட்டுல மோட்டார் சைக்கிள் சறுக்கி..."

அந்த அம்மாவே தொடர்ந்து பேசினார்.

"அவரோட கம்ப்யூட்டருக்கு நான் ப்ளக்குகூட போடுறதில்ல. ஆனா ரெண்டேகால் தாண்டினா ரூம்ல டைப் அடிக்கிற சத்தம் கேட்கும். ஒரு வருஷமா, தேத்தண்ணி கலக்கி அந்த ரூம் வாசல்ல வச்சுட்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கும் வேற யாரு இருக்கா?"

அவர் குரல் தாழ்ந்தது.

"போன வியாழக்கிழமையோட நின்னு போச்சு. உங்களுக்கு ஏதும் தெரியுமா தம்பி?"