சாமுவேல் தம்பி மேல் விழுந்த வெள்ளிக்கிழமைப் பழி

போன மாதம் ஒரு காலையில் கோமதி அம்மன் சன்னதி வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். பைக்குள் போன் விடாமல் அதிர்ந்தது. சாமி கும்பிடும்போது அதை எடுக்கும் வழக்கம் எனக்குக் கிடையாது. வெளியே வந்து பார்த்தால் ஹைதராபாத்திலிருந்து ஒரு பிள்ளை, “சார் பற்றி வரும் செய்தி உண்மையா?” என்று கேட்டிருந்தாள். அதற்குக் கீழே டெல்லி, கௌகாத்தி என்று வரிசையாக அதே கேள்வி. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கிடந்த சாமுவேல் தம்பியைப் பார்க்க மத்தியானம் பஸ் ஏறுவதாக இருந்தேன். ஒன்பது வருஷம் என் வீட்டு மாடியில் குடியிருந்தவர் இறந்துபோன செய்தியை, சங்கரன்கோவிலைப் படத்தில்கூடப் பார்க்காதவர்கள் எனக்கு முந்தி அறிந்திருந்தார்கள்.

அவர் நடத்திய வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் நீங்கள் நினைவு மலருக்கு என்னையும் எழுதச் சொன்னீர்கள். நான் சிவகிரிப் பக்கம் ஒரு கிராமத்தில் பத்தாவது வரை படித்தவள். ஊசி போடாத டாக்டர்கள் நாட்டில் இத்தனை பேர் உண்டு என்பதே தம்பி மாடிக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதத்தான் வேண்டும். உங்களிடம் சொல்ல வேண்டிய ஒன்று என்னிடம் இருக்கிறது.

தம்பி விடியற்காலையில் எழுந்து கம்ப்யூட்டர் முன் உட்காருவார். எங்கே கருத்தரங்கு, எந்த நாட்டில் வரலாறு படித்தவர்களுக்கு உதவித்தொகை, எந்தக் கல்லூரியில் சமூகவியலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தேடிப் பிடித்து, நாலு வரித் தமிழில் சுருக்கி, எட்டு மணிக்குக் குழுவில் போட்டுவிடுவார். “பெரிய ஊர்ப் பிள்ளைகளுக்கு அவங்க புரொபசர் சொல்லிருவாரு. திருவேங்கடம் மாதிரிச் சின்ன ஊருல உக்காந்து எம்.ஏ. படிக்கிற பிள்ளைக்கு யாரு சொல்லுவா அக்கா?” என்பார்.

அவருக்கோ நிரந்தர வேலை கடைசி வரை இல்லை. கௌரவ விரிவுரையாளராகவே காலம் போனது. எங்கள் வீட்டுக்காரர், “ஏட்டி, ஊருக்கெல்லாம் வேலை சொல்லுதான், தனக்கு ஒண்ணு பாக்க மாட்டானா?” என்று முணுமுணுப்பார். அதை நான் அப்படியே போய்த் தம்பியிடம் கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். “கல்யாணப் புரோக்கர்ல பாதிப் பேரு பிரம்மச்சாரிதான்க்கா.”

மூன்று வருஷத்துக்கு முன் அவருக்குக் கண்ணில் ஆபரேஷன் நடந்தது. ஒரு மாதம் திரையைப் பார்க்கக் கூடாது என்றார் டாக்டர். கண் கட்டோடு தம்பி சொல்லச் சொல்ல, அவர் போனில் தட்டிக் குழுவில் போடும் வேலை என்னிடம் வந்தது. எங்கள் விளக்கு பூஜைக் குழுவுக்குத் தினமும் எழுதிப் பழகிய விரல்கள் என்பதால் வேகமாகவே தட்டினேன்.

அதில் ஒரு வெள்ளிக்கிழமை. காலை பத்தரை தாண்டியிருக்கும். டெல்லியிலிருந்து யாரோ அவருக்குப் போன் செய்தார்கள். நாட்டுப்புறப் பாடல்களை ஆராய இரண்டு வருஷ உதவித்தொகை, அன்றைக்கே கடைசி. “பன்னெண்டு மணிக்கு மூடிருவாங்க. உடனே போட்டுருங்கக்கா” என்று சொல்லிவிட்டு, கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு படுத்துவிட்டார். நான் தட்டி முடித்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். ராகு காலம்.

யாரோ ஒரு பிள்ளையின் இரண்டு வருஷ வாழ்க்கை. அதை ராகு காலத்திலா தொடங்கிவைப்பது என்று தோன்றிவிட்டது. அதுவரை நான் போட்ட அறிவிப்புகளில் விண்ணப்பங்கள் எல்லாம் இரவு பன்னிரண்டுக்கு மூடியவை. இதுவும் அப்படித்தான் என்று நானாக எடுத்துக்கொண்டேன். கோயிலுக்குப் போய்த் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கு ஏற்றி, யாருக்கு இது கிடைக்கப்போகிறதோ அவர்கள் நன்றாக இருக்கட்டும் என்று கும்பிட்டேன். திரும்பி வந்து பன்னிரண்டு ஐந்துக்கு அனுப்பினேன்.

உடனே அந்தப் போனுக்கு ஒரு அழைப்பு. புளியங்குடி பார்வதி. களையெடுப்புப் பாட்டுகளைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவள். புருஷனுக்கு எலுமிச்சை கமிஷன் கடை.

“சார்ட்ட குடுங்கக்கா.”

“தம்பி மருந்து விட்டுப் படுத்திருக்கு தாயி.”

“மூடிட்டாங்கக்கா. எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ரெடியா வச்சிருந்தேன். ஒரு பத்து நிமிஷம் முந்தி போட்டிருந்தாக்கூட ஏத்தியிருப்பேன். அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிரும். இதுவும் இல்லைன்னா கடையில உக்காருன்னு வீட்டுல சொல்லிட்டாங்க.”

“அப்படியா தாயி” என்றேன்.

தம்பி எழுந்ததும் பார்வதி பேசியதைச் சொன்னேன். “ராகு காலம் கழியட்டும்னு இருந்துட்டேன் தம்பி. ராத்திரி பன்னெண்டுன்னு நெனச்சேன்.” சத்தம் போடுவார் என்று நின்றேன். அவர் போனுக்காகக் கையை நீட்டினார். “பார்வதி நம்பரைப் போட்டுக் குடுங்க” என்றார். போனில் அவளிடம், “தப்பு என்னுது பார்வதி. என்னாலதான் பிந்திப் போச்சு” என்றார்.

“ஏன் தம்பி பொய் சொல்லுதீங்க?”

“போனை உங்க கையில குடுத்தது நான்தானே. மத்தியானம்னு சொல்லாம விட்டதும் நான்தான். இதுல பொய் எங்க இருக்கு?”

அன்று சாயங்காலம் குழுவில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தனக்கு வேண்டியவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிட்டு, கதவு சாத்திய பிறகு மற்றவர்களுக்குப் போடுகிறார் என்று ஒருவர் எழுதினார். பலர் ஆமாம் என்றார்கள். சிலர் விலகினார்கள். பார்வதியும் விலகினாள். ஒவ்வொன்றையும் நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். “நான் எழுதிருதேன் தம்பி, நான்தான்னு” என்றேன்.

“வேண்டாம்க்கா. எல்லாரும் உங்க ராகு காலத்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பாங்க. அதுனால பார்வதிக்கு என்ன கிடைக்கப்போகுது?”

அவர் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் என் நம்பிக்கையை அவரும் பழித்ததில்லை, பிறர் பழிக்கவும் விடவில்லை. நான் இன்றும் ராகு காலம் பார்க்கிறேன். என் வீட்டுக் காரியத்துக்கு மட்டும். அடுத்தவர் நேரத்தை என் கையில் வைத்துக்கொண்டு பார்க்கும் உரிமை எனக்கில்லை என்று அன்றைக்குப் புரிந்தது.

அந்த உதவித்தொகைக்காரர்களுக்குத் தம்பி இரண்டு முறை கடிதம் எழுதினார். விதியை மாற்ற முடியாது என்றார்கள். பிறகு எட்டு மாதம், வயது வரம்பு இல்லாத ஒன்றை அவளுக்காகத் தேடினார். கடைசியில் தூரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில், பெண்களின் பாட்டுகளைச் சேகரித்து எழுதும் வேலை அகப்பட்டது. வீட்டிலிருந்தே செய்யலாம். அதை என் போனிலிருந்து அனுப்பச் சொன்னார். “நான் அனுப்பினா அவ திறந்துகூடப் பாக்க மாட்டா.”

பார்வதிக்கு அந்த வேலை கிடைத்தது. ஒரு பை நிறைய எலுமிச்சம்பழத்தோடு வந்து, என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். மாடியில் தம்பி இருந்தார். மேலே போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழி அவருக்கும் நன்றி எனக்குமாக அந்தப் பையை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அவரை அடக்கம் செய்த அன்று பார்வதி வந்திருந்தாள். கோபம் இருந்தாலும் துட்டிக்கு வராமல் இருக்க மனம் கேட்கவில்லை போலும். கல்லறைத் தோட்டத்து வாசலில் தனியாக நின்றாள். கூட்டம் கலைந்ததும் அவளிடம் போய், வெள்ளிக்கிழமையையும் சொன்னேன், வேலையைத் தேடியது யார் என்பதையும் சொன்னேன்.

அவள் உடனே அழவில்லை. “போன வருஷம் பஸ் ஸ்டாண்டுல என்னைப் பாத்துச் சிரிச்சாருக்கா. நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன்” என்றாள். அதற்கப்புறம்தான் அழுதாள். நான் தோளைத் தொடப்போனேன். தட்டிவிட்டாள்.

“எங்கிட்ட சொல்லிட்டா முடிஞ்சுதா? அன்னைக்கு அவரைப் பேசினவங்க எல்லாம் இன்னும் அப்படித்தான நெனச்சுக்கிட்டு இருக்காங்க? அவங்ககிட்ட யாரு சொல்லுவா?”

ஆகையால் எழுதுகிறேன். சாமுவேல் தம்பி யாருக்கும் முந்திக் கொடுத்ததில்லை, யாருக்கும் பிந்திக் கொடுத்ததில்லை. அந்த வெள்ளிக்கிழமை தாமதித்தவள் நான். மூன்று வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தவளும் நான். அவரைத் திட்டியவர்கள் அந்தத் திட்டை என் பேருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். விலகிப் போனவர்களை உங்களுக்குத் தெரிந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள்.

எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் காலையை மட்டும். இனி அந்தப் போனைத் தொடக் கூடாது என்று முடிவு செய்து, மாடிப்பக்கமே போகாமல் அடுக்களையில் ஒதுங்கி இருந்தேன். படியில் சத்தம் கேட்டது. கண் கட்டோடு சுவரைத் தடவித் தடவித் தம்பி இறங்கி வந்துகொண்டிருந்தார். வாசற்படியில் நின்று, நான் எந்தப் பக்கம் இருக்கிறேன் என்று தெரியாமல், பொதுவாகப் போனை நீட்டினார்.

“அக்கா, எட்டு மணி ஆகப்போகுது. எழுதுங்க.”

“நானா தம்பி?”

“நீங்கதான்.”

வாங்கினேன். அவர் சொன்னார், நான் எழுதினேன். சரிபார்க்க ஒரு தடவை வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.