டாக்சிக் கதவில் என் கைப்பிடி

அறுபதுகளில் பம்பாயில் டாக்சி ஏறியவர்களில் பாதிப்பேர் என்னோடு கை குலுக்கியவர்கள்தான். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். கதவைத் திறக்க அவர்கள் பிடித்தது நான் செய்த கைப்பிடி.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். தாராவியில் பித்தளையை உருக்கி வார்க்கும் பட்டறை வைத்திருந்தேன். டாக்சிக் கதவின் கைப்பிடி உடைந்தால், கம்பெனியிலிருந்து வேறு வர மாதக்கணக்காகும். அதுவரை டிரைவர் கதவைக் கயிற்றால் கட்டி ஓட்டுவான். கம்பெனிக் கைப்பிடியைப் பார்த்து அப்படியே வார்த்துக் கொடுத்தேன். அது உடைகிற அதே கழுத்தில் என்னுடையதும் உடைந்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கழுத்தைத் தடிப்பாக்கி, அடியில் விரல்கள் உட்காரக் குழி வைத்து, எனக்கென்று ஒரு வடிவம் செய்தேன். நிக்கல் பூசினால் கண்ணாடி மாதிரி மின்னும். தாராவிக் கைப்பிடி என்று கேட்டு வாங்கினார்கள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. டாக்சி ஸ்டாண்டு ஸ்டாண்டாகப் போய்க் காட்டினேன். பக்கத்துச் சந்தில் புதிதாக உலை போட்ட எங்கள் ஊர்க்காரர் பார்க்க வந்தார். டீ வாங்கிக் கொடுத்து, மரக்கட்டை அச்சை மண்ணில் பதிப்பதிலிருந்து எல்லாம் செய்தே காட்டினேன்.

அடுத்த மாதமே அதே கைப்பிடி, அதே குழியோடு, என்னுடையதைவிட மலிவாக மாதுங்கா ஸ்டாண்டில் தொங்கியது. என் வாடிக்கை அந்தப் பக்கம் சாய்ந்தது. இப்படியே போனால் உலையை அணைக்க வேண்டியதுதான். வீட்டில் குதித்தேன்.

"ஒரு பய பாக்கியில்லாம கூப்பிட்டுக் காட்டுனியள்லா? இப்ப யாரைப் போய் ஏசப் போறிய?" என்றாள் என் மனைவி.

மாதுங்காவில் ஒரு தமிழ் வக்கீல் இருந்தார். கைப்பிடியை அவர் மேஜையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வடிவத்தைப் பதிவு பண்ணலாம். சட்டம் இருக்கு. ஆனா விக்கறதுக்கு முன்னாடின்னா வந்திருக்கணும்? ஊரெல்லாம் காட்டிட்டு வந்து புதுசுன்னா எப்படி ஓய் ஒத்துப்பா?"

"என் மூளை சார் அது!"

"யார் இல்லேன்னா? நீர் மொதல்ல கம்பெனிக்காரனோடதைப் பார்த்துத்தானே ஆரம்பிச்சீர்?"

"பார்த்தேன். பார்த்துட்டு அதவிட நல்லதாச் செஞ்சேன்லா?"

"அப்போ இவனையும் விட நல்லதாப் பண்ணும். ஃபீஸ் வேண்டாம், போயிட்டு வாரும்" என்று சிரித்தார்.

கோபத்தோடு நேரே டாக்சி ஸ்டாண்டுக்கு நடந்தேன். ஒரு வடநாட்டு டிரைவர் என் கையைப் பிடித்துத் தன் வண்டிக்கு இழுத்துப் போனார். மலிவுச் சரக்கை மாட்டியிருந்தார்.

"யே ஹில்தா ஹை, அண்ணா!" ஆடுகிறதாம். பிடித்துப் பார்த்தேன். பால்பல் மாதிரி ஆடியது.

எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. உருக்கிய பித்தளை ஆறும்போது கொஞ்சம் சுருங்கும். அதனால் என் மரக்கட்டை அச்சைக் கைப்பிடியைவிடத் துளி பெரிதாகச் செதுக்கியிருந்தேன். நான் செய்து காட்டியபோது ஊர்க்காரர் கட்டையைப் பார்த்தார். அது பெரிது என்பதைப் பார்க்கவில்லை. என் கைப்பிடி ஒன்றையே வாங்கி மண்ணில் பதித்து வார்த்திருக்கிறார். பார்வைக்கு அச்சு அசல்தான். ஆனால் பூட்டுக்குள் போகும் சதுரக் கம்பியும் சேர்ந்து சுருங்கியதில், பூட்டுக்குள் அது பிடிக்காமல் ஆடியது.

பையிலிருந்த என் கைப்பிடியை மாட்டினேன். ஸ்டாண்டில் நின்ற டிரைவர்கள் ஒவ்வொருவராக வந்து இழுத்துப் பார்த்தார்கள். அசையவில்லை. அந்த மழைக்காலம் முடிவதற்குள் வாடிக்கை முழுவதும் திரும்பி வந்தது. இரண்டாவது உலையும் போட்டேன்.

ஒருநாள் அந்த ஊர்க்காரரே வாசலில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, ஒமக்கு மட்டும் எப்படிவே ஆடாம வருது?"

சொல்ல நாக்கு துடித்தது. கட்டை அச்சு அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அதன்மேல் என் துண்டை எடுத்துப் போட்டேன்.

"மொதல்ல டீயக் குடியும்வே" என்றேன்.