இரண்டாம் பாகத்துக்காக வைத்திருந்த கை

எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத சோலி. பத்தாவது வரை படித்தவள். அங்கன்வாடியில் பிள்ளைகளின் வருகையும் எடையும் எழுதுவதோடு என் பேனா நின்றுவிடும். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னாலே பின்வரிசைக்குப் போய்விடுவேன். இவளுக்கு எதற்கு இந்த வேலை என்று படிப்பவர்கள் நினைத்தால் தப்பில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். போன வாரம் என் மகன் செல்போனில் காட்டிய செய்திதான் என்னை உட்காரவைத்துவிட்டது.

முப்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் மலையில் எடுத்த ஒரு சினிமாவுக்கு இப்போது இரண்டாம் பாகம் வருகிறதாம். வேறு கிரகத்திலிருந்து ஒருவன் ஏலத்தோட்டத்தில் வந்து இறங்குகிற படம். நடுவில் நாலைந்து தடவை இதோ வருகிறது என்றார்கள். கதாநாயகனை மாற்றினார்கள், தயாரிப்பாளரை மாற்றினார்கள், படம் மட்டும் வரவில்லை. இந்தத் தடவை அரை நிமிஷத் துண்டு ஒன்றை வெளியிட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே ஆளாளுக்குக் கேலி. என் பேரன் பார்ப்பான் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவன் கிரகத்துக்கே போய்ப் படம் எடுத்துவிட்டு வந்திருக்கலாம் என்று இன்னொருவர். மகன் படித்துப் படித்துச் சிரித்தான். நான் என் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் படத்தில் என் அம்மாவின் கை நடித்திருக்கிறது.

அப்போது நாங்கள் போடிக்குப் பக்கத்தில் சிலமலை என்கிற ஊரில் இருந்தோம். அப்பா போடியில் லாரிக்கு லோடு ஏற்றுவார். அம்மா ஏலக்காய் பறிக்க மலைக்குப் போவாள். பெண்களைக் கூட்டிப்போகிற ஜீப் மாமாவுடையது. மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். விடியுமுன் வாசலில் வந்து ஆரன் அடிப்பார். ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்து போடிமெட்டு வளைவுகளில் ஏறிப்போவார்கள். சாயங்காலம் இறங்கும்போது எல்லார் விரலும் காய்ச்சாறு பட்டுக் கறுத்திருக்கும். அந்தக் கறை சோப்புக்கும் போகாது, புளிக்கும் போகாது.

ஒரு லீவு நாளில் நானும் அம்மாவோடு போயிருந்தேன். அன்றைக்குத் தோட்டத்தில் சினிமாக்காரர்கள் இருந்தார்கள். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர் இருக்கிறதே, சூடு போவதற்குப் பெரிய பெரிய தகரக் குழாய்கள் ஓடுமே, அந்த அறைக்குள் முழுக்க வெள்ளித்தாள் ஒட்டி அதைப் பறக்கிற கப்பல் ஆக்கியிருந்தார்கள். வேறு கிரகத்துக்காரன் வெள்ளி உடுப்போடு உள்ளே போய், வேர்த்து ஊற்றி, ஏலக்காய் மணத்தோடு வெளியே வந்தான்.

கடைசிக் காட்சி செடிகளுக்கு நடுவில். அவன் தன் ஊருக்குத் திரும்புமுன் ஒரு தோட்டக்காரப் பெண்ணின் கையில் ஒளிவிடுகிற விதை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அந்தப் பெண்ணாக நடித்த நடிகையின் விரலில் கறுப்புச் சாயம் பூசிப் பார்த்தார்கள். பக்கத்தில் போய் எடுத்தால் சாயம் சாயமாகத்தான் தெரிந்திருக்கிறது. டைரக்டர் வேலைக்கு வந்த பெண்களை வரிசையாக நிற்கச் சொல்லி, ஏலக்காய் வாங்க வந்த வியாபாரி உள்ளங்கையில் காயைக் கொட்டிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அம்மாவிடம் நின்றார். நான் எட்டிப் பார்க்கக் கிட்டே போனேன். “பாப்பா, நெழல் விழுது, தள்ளி நில்லு” என்றார். அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான். அம்மாவின் கையில் வைத்துப் படம் பிடித்த விதை என்பது கண்ணாடி உருண்டைக்குள் இருந்த டார்ச் பல்பு. மாமா அம்மாவின் கூடையைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, ஆட்களை நேரத்துக்கு மலையிலிருந்து இறக்க வேண்டுமே என்று முனகியபடி பக்கத்திலேயே நின்றார்.

படம் எடுத்துவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். ஒன்றரை வருஷம் ஒரு தகவலும் இல்லை. அதையெல்லாம் வெட்டிப் போட்டிருப்பான் என்று மாமா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அந்த ஒன்றரை வருஷத்துக்குள் அப்பா மூட்டையோடு சறுக்கி விழுந்து இடுப்பு பிடித்துக் கட்டிலில் கிடந்தார். அரிசி பருப்பு மாமா வீட்டிலிருந்துதான் வந்தது. நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். மாமா ஒருநாள் வந்து, திங்கட்கிழமையிலிருந்து சின்னவளும் ஜீப்பில் வரட்டும், தோட்டத்தில் பேசிவிட்டேன் என்றார். அவர் கெட்டவர் இல்லை. எங்கள் தெருவில் என் வயதுப் பெண்பிள்ளைகள் பாதிப் பேர் அவருடைய ஜீப்பில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். மாமா சொன்னதற்கு அப்பா மறுபேச்சுப் பேசுகிற நிலையில் இல்லை. அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அவள் பேச்சே குறைவு. என் பள்ளிக்கூடப் பையை யாருக்குக் கொடுப்பது என்றுகூட நான் யோசித்து முடித்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் படம் போடிக்கு வந்தது. மத்தியானக் காட்சிக்கு மாமா எல்லாரையும் ஜீப்பில் ஏற்றிப்போனார். கொட்டகையில் பாதி காலி. கப்பல் வந்தபோது, ஏலே நம்ம ஸ்டோருடா என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, தெரிந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குக் கதை ஓடவில்லை. கடைசிக்காகக் காத்திருந்தேன்.

வந்தது. திரை முழுக்க இரண்டு கை. கறுத்த விரல், வெடித்த நகம், நடுவில் ஒளி. வலது ஆள்காட்டி விரலில் கோணலாக ஒரு தழும்பு. சின்ன வயதில் புல் அறுக்கும்போது மாமாவின் அரிவாள் பட்ட தழும்பு அது. எனக்கு முன்னால் அதைக் கண்டுகொண்டது மாமாதான். வாயில் போட்ட கடலையை மெல்லாமல் உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து நின்று “எங்க அம்மா கை” என்று கத்தினேன். நான் கூட்டத்தில் சத்தமாகப் பேசியது என் ஆயுசிலேயே அந்த ஒரு தடவைதான். பிறகு, மீதி இரண்டாம் பாகத்தில் என்று எழுத்து விழுந்து விளக்கைப் போட்டார்கள்.

வீட்டு வாசலில் இறக்கிவிட்டு மாமா சொன்னார், “காலையில வெரசா கெளம்பி நில்லு ஆத்தா. மேல குளுரும், துண்டு ஒண்ணு எடுத்துக்க.”

அம்மா ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணே, அவ வரமாட்டா. அவ கையி ரெண்டாம் பாகத்துக்கு வேணுமாம். டைரக்டரு சொல்லிட்டுப் போயிருக்காரு.”

மாமா சிரித்தார். முதல் பாகத்துக்கே கொட்டகையில் ஈ ஓட்டுகிறான், இதில் இரண்டாவது வேறயா என்றார். அப்படியே எடுத்தாலும் ஊரில் பெண்பிள்ளைகள் கைக்கா பஞ்சம் என்றார். அம்மா விடவில்லை. நாலு வார்த்தை சேர்த்துப் பேசாதவள், அன்றைக்கு இரண்டாம் பாகத்தின் கதையை முழுக்கச் சொன்னாள்.

அந்தப் பெண் விதையை வீட்டுக்குப் பின்னால் ஊன்றுகிறாள். முளைத்து வருகிறது. இலையில் எல்லாம் எழுத்து எழுத்தாக இருக்கிறது. அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஊரிலும் யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கு ஒரு மகள். அவள் படிக்கிற பிள்ளை. உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாகக் கண்டுபிடித்து, அதே எழுத்தில் பதில் எழுதுகிறாள். அந்தப் பதிலைப் பார்த்துத்தான் அவன் திரும்பி வருகிறான்.

மாமா வண்டியை அணைத்துவிட்டார். “மொளச்சதை ஆடு மாடு கடிக்கலையா?” என்று கேட்டார்.

“வேலி கட்டி வச்சிருக்கா.”

“சரி. அம்புட்டுத் தூரத்துலருந்து அவன் எதுக்குத் திரும்பி வர்றான்?”

“குடுத்துட்டுப் போனத வளத்தாகளா, வாட விட்டாகளான்னு பாக்க.”

மாமா திரும்பி வீட்டு வாசலைப் பார்த்தார். அப்பா உள்ளே கட்டிலில் திரும்பிப் படுக்கிற சத்தம் கேட்டது.

“மக கையி பேனா பிடிச்ச கையா இருக்கணுமாம்ணே” என்றாள் அம்மா. “கறை இருந்தா ஆகாதாம்.”

எத்தனை வருஷம் ஆகுமாம் என்று மாமா கேட்டார். பத்தாவது முடிக்கிற வரைக்கும் ஆகும் என்று சொன்னார்களாம். வராவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார். வராவிட்டால் நானே அவளை ஜீப்பில் ஏற்றிவிடுகிறேன் என்றாள் அம்மா. மாமா அவளுடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

நான் அப்படியே நம்பினேன். அன்றிலிருந்து என் கையை ஒரு சாமான்போலக் காப்பாற்றினேன். படுக்கப்போகுமுன் தேங்காயெண்ணெய் தடவுவேன். பாத்திரத்தில் கரி இருந்தால் துணி சுற்றிக்கொண்டுதான் தேய்ப்பேன். தெருப்பிள்ளைகள் சினிமாக் கை வருது, வழி விடுங்க என்பார்கள். வெட்கமாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும். பேனா பிடிக்கிற கையாக இருக்க வேண்டுமே என்று நோட்டு நோட்டாக எழுதினேன். ஒவ்வொரு வருஷமும் பறிப்பு தொடங்கும்போது மாமா, “ஒங்க டைரக்டரு வந்துட்டானா?” என்று கேட்பார். மழைக்குப் படப்பிடிப்பு நிற்கிறதாம், கப்பல் செய்ய ஆள் கிடைக்கவில்லையாம் என்று அம்மா ஏதாவது சொல்வாள். கப்பல் செய்யச் சுணங்கச் சுணங்க நான் எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது என்று போய்க்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் பத்தாவது பாஸான முதல் பெண்பிள்ளை நான்தான். மார்க் சீட்டை மாமா வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஜீப்பில் ஏறுகிற எல்லாரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அங்கன்வாடியில் பிள்ளைகளின் கையைப் பிடித்து அரிசியில் ‘அ’ எழுதவைக்கும்போது, தாய்மார்கள் வாசலில் நின்று டீச்சர் என்று கூப்பிடுகிறார்கள். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் பழகவில்லை.

மகன் செய்தி காட்டிய மறுநாள் அம்மாவைப் பார்க்கப் போனேன். இரண்டாம் பாகம் வரப்போகிறதாம் என்றேன். “இன்னுமா எடுக்கல?” என்றாள். இத்தனை வருஷம் கழித்து என் கையை அந்த டைரக்டர் ஞாபகம் வைத்திருப்பாரா என்று விளையாட்டாகக் கேட்டேன்.

“அந்தாளு எங்கிட்ட எங்க பேசுனாரு? கைய நீட்டுன்னாரு, நீட்டுனேன்” என்றாள்.

“அப்ப மாமாகிட்டச் சொன்னது?”

“ஒங்க மாமாவுக்குத் தெரியாதா? அன்னைக்குப் பூராம் கூடையை வச்சுக்கிட்டுப் பக்கத்துலதான நின்னாரு.”

மாமா இறந்து எட்டு வருஷமாகிறது. அவர் பக்கத்தில் நின்றது எனக்கும் தெரியும். டைரக்டர் என்னிடம் பேசியது நிழலைப் பற்றி மட்டும்தான் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை. தங்கச்சி சொல்வது பொய் என்று தெரிந்தே அவர் வண்டியை அணைத்துவிட்டு, ஆடு மாடு கடிக்கவில்லையா என்று கேட்டிருக்கிறார்.

படம் வந்தால் கட்டாயம் பார்ப்பேன். அம்மா சொன்ன கதை அளவுக்கு அவர்களால் எடுக்க முடியுமா என்பதுதான் சந்தேகம்.

அன்றைக்கு அம்மா கதை சொன்னதற்கு மறுநாள், விடியுமுன் ஜீப் வாசலில் நின்றது. அம்மா மட்டும் ஏறினாள். நான் பள்ளிக்கூடம் போனேன். திங்கட்கிழமையிலிருந்து படிப்பு இல்லை என்று வீட்டுப்பாடம் எழுதாமல் விட்டிருந்ததால், முதல் பீரியட் முழுக்க வகுப்புக்கு வெளியே நின்றேன்.