கூத்தையாவின் முறைத் தண்ணீர்

அபிராமம் பக்கத்துக் கண்மாய் ஒன்றுக்குக் கூத்தையா முப்பது வருஷம் நீர்பாய்ச்சி. மடை திறந்து, வயல்வயலாக முறை வைத்துத் தண்ணீர் விடுவது அவர் வேலை. யார் வந்து நின்றாலும் முறை மாறாது. முறை தவறி வரப்பை வெட்டிய சொந்த மைத்துனனோடு நாலு வருஷம் பேசவில்லை. அப்படிப்பட்ட மனுஷனோடு குடித்தனம் நடத்திய உலகம்மாளுக்குப் பொறுமை என்று ஒன்று மிஞ்சியிருந்ததே பெரிய காரியம்.

அதுவும் 1996 பங்குனியில் தீர்ந்தது. குடல் முறுக்கிக்கொண்டதென்று ராமநாதபுரத்து ஆஸ்பத்திரியில் அவர் வயிற்றைத் திறந்து தைத்தார்கள். நாலாம் நாள் மூத்திரக் குழாயை எடுத்துவிட்டு, நிறையத் தண்ணீர் குடிக்கவும் எழுந்து நடக்கவும் சொன்னார் டாக்டர். நடந்தால் தையல் பிரியும் என்று கூத்தையா அசையவில்லை. ஆனால் உலகம்மாள் கஞ்சி வாங்கி வருவதற்குள் செம்பு காலியாகிவிடும்.

ஏழாம் நாள் இடது கெண்டைக்கால் கல்லாக வீங்கியது. ரத்தம் உறைந்துவிட்டதென்று வயிற்றில் ஊசி போட்டார்கள். சிறுநீரகம் சுணங்கி ரத்தத்தில் உப்பும் ஏறியிருந்தது. நாளைக்குள் மூத்திரம் கூடாவிட்டால் மதுரைக்குக் கொண்டுபோய் ரத்தம் சுத்தம் செய்யும் மிஷினில் போட வேண்டும், பிழைப்பது உறுதியில்லை என்றார் டாக்டர்.

குடித்ததெல்லாம் எங்கே போகிறது என்று நர்ஸ் ஹமீதா பானுவுக்குப் புரியவில்லை. செம்பைக் கழுவி ஊற்ற, கட்டிலை ஒட்டிய ஜன்னலுக்குப் போன உலகம்மாளுக்குப் புரிந்தது. ஊரே காய்ந்து கிடக்க, அவர் கட்டிலுக்கு நேர் வெளியே மட்டும் ஒரு பாய் அகலத்துக்கு மண் நனைந்து, புல் துளிர்விட்டிருந்தது.

"ஏங்க, இங்கனயும் மடை தொறந்துட்டீகளா?"

கூத்தையா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "குடிச்சா மூத்திரம் வரும். நாலு பேரு பாக்க நீ பாட்டில் பிடிக்கணும்."

இதற்காகவா? உலகம்மாளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"வெக்கப்பட்டே செத்துப்போனா, நான் தாலி அறுக்குறதும் நாலு பேரு பாக்கத்தான். மணிக்கு ஒரு டம்ளரு ஒங்க முறை. முறைத் தண்ணிய வெளிய விட்டவன ஊருல சும்மா விட்டீகளா?"

கூத்தையா இந்தப் பக்கம் திரும்பினார். டம்ளரை வாங்கிக் குடித்தார்.

உலகம்மாள் மாற்றுச் சேலையைக் கட்டிலைச் சுற்றிக் கட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு பாட்டிலைப் பிடித்தாள். மறுநாள் காலை ஹமீதா பானு அளந்து பார்த்து, மதுரை வேண்டாம் என்றாள். கால் வீக்கம் வற்ற மட்டும் ஆறு மாதம் ஆனது.

எழுந்து நடக்கத் தொடங்கியதும் கூத்தையா செய்த முதல் காரியம், பக்கத்துக் கட்டில்காரர் முறையில்லாமல் ரெண்டு டம்ளர் கூடக் குடிக்கிறார் என்று நர்ஸிடம் போய்ச் சொன்னதுதான். உலகம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.