மிளகாய்த் தோட்டத்துப் படத்தில் தெரிந்த குழாய்

நான் செய்தி எழுதும் இணையத்தளத்துக்குக் கிளிநொச்சியில், ஒரு புடவைக்கடைக்குப் பின்னால், ஒற்றை அறைதான் அலுவலகம். எந்தக் கட்சியும் பின்னால் இல்லை. வாசகர்கள் அனுப்பும் உதவியில் ஓடுகிறது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவரைப் பற்றி எழுதினால், வெளியிட முன்னர் நேரில் போய் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். படத்தையும் காட்ட வேண்டும். ஆரம்பத்தில் எனக்கு இது வீண் அலைச்சலாகவே பட்டது. கைக்குழந்தையோடு ஒரே ஊருக்கு இரண்டு தரம் பஸ் ஏற வேண்டுமே.

இப்போது அந்த வழக்கத்தை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

கடந்த சிறுபோகத்தில், அதாவது கோடை நெல் விதைப்பில், நடந்தது இது. சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் காணாது. அதனால் வயல் செய்யும் கமக்காரர் கூடி, இத்தனை ஏக்கர்தான் விதைப்பது என்று முடிவெடுத்து, வயற்காணி உள்ள எல்லோருக்கும் அதைப் பங்காகப் பிரித்துக்கொள்வார்கள். நல்ல ஒழுங்கு. என் அப்பாவுக்கும் அப்படி ஒரு பங்கு உண்டு. அந்த நெல்லில்தான் நான் படித்தேன். ஆனால் அக்கராயன் பக்கம், தேயிலைத் தோட்டங்களை விட்டு வந்து வாய்க்கால் கரையில் குடியிருக்கும் மலையகக் குடும்பங்களுக்கு வயற்காணி இல்லை. ஆகவே பங்கும் இல்லை. கோடையில் அவர்களின் கிணறுகள் வற்றிவிடும். வாய்க்காலில் குழாய் போட்டால் பறிப்போம் என்று கமக்காரர் அமைப்பு அறிவித்திருந்தது. அதைப் பற்றித்தான் எழுதினேன்.

கடைசி வீட்டு அக்காதான் துணிந்து பேசினார். கூலிவேலை இல்லாத நாட்களில் வீட்டுக்குப் பின்னால் உள்ள மிளகாய்த் தோட்டம்தான் அவருக்குக் கைகொடுப்பது. “வாய்க்கால் தண்ணியக் கொடத்தால அள்ளித்தான் ஊத்துறேன் புள்ள” என்றார். அப்படியே எழுதினேன். செடிகளுக்கு நடுவில் அவரை நிறுத்திப் படமும் எடுத்தேன்.

வாசித்துக் காட்டப் போகவேண்டிய நாளில் மகளுக்கு மேல் இலேசாகச் சுட்டது. போவதா, விடுவதா? வெப்பமானியை மூன்றாம் முறை எடுத்தபோது கணவர் சிரித்தார்.

“போகாட்டில் நாள் முழுக்க அதையே யோசிச்சுக்கொண்டிருப்பீர். போட்டு வாரும். சின்னவவையும் கொண்டுபோம், அவ உமக்குக் காவல்.”

அக்காவின் குசினி வாசலில் அயல் பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். மகள் மடிக்கு மடி மாறி, யாரோ கொடுத்த வெள்ளரித் துண்டைச் சப்பிக்கொண்டிருந்தாள். காய்ச்சலை அவளும் மறந்துவிட்டாள், நானும் மறந்துவிட்டேன். நான் வாசித்து முடித்ததும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“நானா இவ்வளவு ஒழுங்காப் பேசினேன்? எங்க வீட்டுக்காரர் கேட்டா நம்பமாட்டார்.”

பிறகு கைத்தொலைபேசியில் படத்தைக் காட்டினேன். அது கை மாறி மாறிப் போயிற்று. பக்கத்து வீட்டுப் பெண் இரண்டு விரலால் படத்தைப் பெருப்பித்தாள்.

“ஐயையோ, அக்கா, ஒங்க கொழாய்!”

படத்தின் மூலையில், இலைகளுக்கிடையே, பச்சை இறப்பர் குழாயொன்று வாய்க்கால் கட்டின் மேல் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் படத்தை எத்தனையோ தரம் பார்த்திருந்தேன். வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டிருந்தேன். குழாய் என் கண்ணில் படவே இல்லை. படம் வெளிவந்தால் குழாய் போகும். குழாய் போனால் மிளகாய் கருகும்.

“அந்த மூலையை வெட்டிவிடுறன் அக்கா” என்றேன். சொன்ன கையோடு தயக்கம் வந்தது. குடம் என்று எழுதியிருக்கிறேன். இனி அது பொய் என்று தெரிந்தே எப்படிப் போடுவது? “இல்லை, ஒண்டும் போடாமல் விடுவம்.”

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“அப்ப என்னத்துக்கு ரெண்டு தரம் புள்ளையத் தூக்கிக்கிட்டு வந்தீங்க?”

அவர் வாய்க்கால் பக்கம் கையைக் காட்டினார்.

“கொடம்னு சொன்னது பொய்தான். வெக்கமா இருந்திச்சு. கொழாயோட ஒரு முனையத் தண்ணியில போட்டுட்டு மத்த முனைய வாயால உறிஞ்சி இழுக்கணும். வாய்க்குள்ள சேறு வரும். அதையும் எழுதுங்க. படத்த வெட்டாதீங்க.”

“கொழாயப் புடுங்கிட்டுப் போனா?” என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

“புடுங்கட்டும். அவங்க வயல்ல களை புடுங்க நம்மளத்தானே கூப்பிடணும்?” என்றார் அக்கா.

“அப்ப என் கொழாயையும் படம் புடிங்க. அக்கா, நீங்க ஒருத்தி மட்டுந்தான் கள்ளியா?”

அவள் எழுந்து ஓடினாள். மற்றவர்களும் போனார்கள். பச்சை, நீலம், ஒட்டுப்போட்டது, சைக்கிள் ரியூப் சுற்றியது என்று ஆளுக்கொரு குழாயோடு திரும்பி வந்து வாய்க்கால் கட்டின் மேல் வரிசையாக நின்றார்கள். “நான் மெலிவாத் தெரியணும்” என்றார் ஒருவர். “அதுக்குக் கொழாயத்தான் தூக்கிக் காட்டணும்” என்றார் அக்கா. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தை எடுத்தேன்.

செய்தி வெளிவந்த அன்று மறுபடியும் யோசனை பிடித்துக்கொண்டது. அவர்களின் தண்ணீரை நானே நிறுத்திவிட்டேனோ? இணையத்தள ஆசிரியருக்கு அழைப்பெடுத்தேன்.

“வாசிச்சுக் காட்டினனீங்கள்தானே?”

“ஓம் அண்ணை.”

“அவை போடச் சொன்னதைத்தான் போட்டனாங்கள். இதுக்காகக் கமக்காரர் கூடுகினமாம், அந்தக் கூட்டத்துக்குப் போங்கோ, தங்கச்சி. அங்க நடக்கிறதையும் எழுதவேணும்.”

கமக்காரர் கூட்டத்துக்குப் போனேன். வாய்க்கால் கரைப் பெண்கள் பின்வரிசையில் இருந்தார்கள். தலைவர் கைத்தொலைபேசியில் அந்தப் படத்தை உயர்த்திக் காட்டினார். “இதென்ன, குழாய்க் கண்காட்சியோ?” சபை சிரித்தது. முன்வரிசையிலிருந்த ஒரு கமக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. “தலைவர், உங்கட வயலில களை புடுங்கிறதும் இந்தக் கையள்தான். மிளகாய்க்கு எவ்வளவு தண்ணி போகப்போகுது?” என்றார். பிறகு பெரிய சத்தமாகிவிட்டது. நான் குறிப்பெடுக்க முடியாமல் திணறியபோது, மகளை என் மடியிலிருந்து யாரோ தூக்கினார்கள். திரும்பிப் பார்த்தேன். அக்கா. தன் தண்ணீரைப் பற்றி மற்றவர்கள் வாதிட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில், அவர் என் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்.

முடிவு இதுதான்: வயலுக்குத் தண்ணீர் விடும் நாட்களில், பின்னேரத்தில், மோட்டர் இல்லாமல், குழாயால் எடுக்கலாம். இந்தப் போகத்துக்கு மட்டும். அடுத்த போகத்தில் மறுபடியும் கேட்க வேண்டும். இதைப் பெரிதாகச் சொல்வது சரியா என்று இன்னமும் யோசிக்கிறேன்.

ஆனால் முதல் நாள் பின்னேரம் அக்கா எடுத்த அழைப்பை மறக்கமாட்டேன். “புள்ள, தண்ணி வந்திருச்சு. எல்லாரும் பாக்கப் பாக்க உறிஞ்சினேன்” என்றவர், “கொஞ்சம் இருங்க” என்றார். அந்தப் பக்கம் சேற்றைத் துப்பும் சத்தம் கேட்டது. பிறகு சிரிப்பு.