கட்டை இல்லாமல் இறங்கிய மலை

கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய்க் கடையில் காயைத் தரம் பிரிக்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என் மனைவி சட்டையை வாங்கி மோந்து பார்ப்பாள். "இது எங்கிட்டுக் காய்க்குது?" என்று கேட்பாள். அவள் மதுரைக்குக் கிழக்கே சமவெளியில் பிறந்தவள். மலையைத் தெருவில் நின்று பார்த்ததோடு சரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்று வாய்விட்டுவிட்டேன்.

எனக்கு எதையும் திட்டம் போட்டுத்தான் செய்ய வேண்டும். போடாமல் கிளம்புகிறவர்களைக் கண்டால் எரிச்சல் வரும். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் வழி வரைந்தேன். போன வழியில் திரும்பக்கூடாது. அதுதான் என் முதல் நிபந்தனை. ஊர்க்கோடி வீடுகளைத் தாண்டிச் சிலமலை. அதற்கப்புறம் ராசிங்காபுரம், அங்கே ஒரு காப்பி. பிறகு மலையடிவாரத்து வண்டிப்பாதையைப் பிடித்து முந்தல். முந்தலில் மலைச்சாலை ஏறத் தொடங்கும். அங்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மூன்று வளைவு மட்டும் ஏறுவது, மேலே நின்று ஊரைப் பார்ப்பது, இறங்கி வீட்டுக்கு வருவது. முதுகு ஒடியவும் கூடாது, சப்பென்றும் இருக்கக்கூடாது என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். "எறக்கத்துல மிதிக்கவே வேணாம், தானா வரும்" என்று அவளிடம் பெருமையடித்தேன்.

அந்த மலைச்சாலையில் நான் அதற்குமுன் சைக்கிளில் போனதே இல்லை. மலையிலிருந்து வந்த மூட்டைகளைக் கடையில் உட்கார்ந்து பார்த்தவன், அவ்வளவுதான். ஆனாலும் மலையே என் கைக்குள் இருப்பதாக ஒரு நினைப்பு. இறக்கம் இருக்கிறதே என்று முந்தின நாள் நான்கு பிரேக் கட்டைகளையும் புதிதாக மாட்டிக்கொண்டேன்.

முந்தல் வரை எல்லாம் தாளில் போட்டபடியே நடந்தது. கடலைக்காட்டில் களையெடுத்த ஒரு பெண் நிமிர்ந்து, "சோடியா எங்கப்பு கெளம்பிட்டீக?" என்று கேட்டாள். என் மனைவிக்குக் கூச்சம் தாங்கவில்லை. முகத்தை என் முதுகில் மறைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் பத்து மைல் மிதிக்கலாம் போலிருந்தது எனக்கு.

முந்தலில் ஒரு டீக்கடை. அதன் பக்கத்தில் கனமான மரக்கட்டைகள் குவிந்து கிடந்தன. சிலவற்றில் கயிறுகூட அவிழ்க்கப்படாமல் தொங்கியது. கடைக்காரர் விறகும் விற்கிறார்போல என்று நினைத்தேன். அவர் சைக்கிளையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்தார்.

"மேல போறீகளாக்கும். எறங்கையில கட்டை வேணும்ண்ணே. இருக்குல்ல?"

"புதுக் கட்டை. நேத்துத்தான் மாட்டுனேன்."

"அப்பச் சரி. நல்லா இறுக்கிக் கட்டிக்கங்க."

சேலையைச் சொல்கிறார் என்று நினைத்து அவளைப் பார்த்தேன். அவளும் அப்படியே நினைத்தாள்போல, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

மூன்று வளைவு ஏறினோம். கீழே தோப்புகளும் கண்மாயும் அதற்கப்பால் ஊரும் தெரிந்தன. ஏலக்காய் இன்னும் வெகு உயரத்தில் என்று கைகாட்டினேன். அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். சாரல் விழ ஆரம்பித்ததும், "வெரசா கேரியர்ல ஏறு, நனைஞ்சிருவோம்" என்று நான்தான் அவசரப்படுத்தினேன்.

முதல் வளைவு திரும்பும் வரை பிரேக் பிடித்தது. பிறகு நனைந்த சக்கர வளையத்தில் கட்டை பிடிக்காமல் வழுக்கியது. இரண்டு பிரேக்கையும் விரல் வெளுக்க அழுத்தினேன். சைக்கிள் கேட்கவில்லை. இடது பக்கம் பள்ளம். வேகம் கூடக்கூட எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது, இவ்வளவு யோசித்துப் போட்ட திட்டம் இப்படிக் கெடுகிறதே என்று. "ஒத்த ஆளுன்னா நிப்பாட்டிருவேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முனகினேன். அவளுக்காகச் சொன்னதல்ல. அவள் காதில் விழும் என்றும் நினைக்கவில்லை.

சட்டென்று சைக்கிள் லேசாகிவிட்டது. திரும்பிப் பார்த்தேன். கேரியர் காலியாக இருந்தது.

என் வாழ்க்கையில் அப்படி ஓர் அதிர்ச்சியை அதற்குமுன் அறிந்ததில்லை, பின்னாலும் இல்லை. நெஞ்சு நின்றே போனது. சைக்கிளோ நிற்கவில்லை. பாரம் குறைந்தும் அதே ஓட்டம். வலது பக்கத்து மண்மேட்டில் கொண்டுபோய் மோதினேன். முன்சக்கரம் அப்பளமாக வளைந்தது. முழங்காலில் ரத்தம் ஒழுகுவதுகூடத் தெரியாமல் சாலையில் மேல்நோக்கி ஓடினேன்.

எனக்கு முன்பே ஒருவர் அவளிடம் வந்திருந்தார். எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்போல, தலையில் சாக்கைக் கவிழ்த்திருந்தார். அவருடைய சைக்கிளின் பின்னால் கயிற்றில் ஒரு பெரிய மரக்கட்டை கட்டியிருந்தது. அதைச் சாலையில் இழுத்துக்கொண்டுதான் அவர் மெதுவாக இறங்கி வந்திருக்கிறார். முந்தலில் கிடந்த குவியல், இப்படி இறங்கியவர்கள் கழற்றிப் போட்டது என்று அப்போதுதான் புரிந்தது.

"ஒங்க கட்டை எங்கண்ணே?" என்று கேட்டார்.

நான் கீழே கிடந்த சைக்கிளைக் காட்டி, "பிரேக்குல புதுசா மாட்டியிருக்கேன்" என்றேன். என் வாயிலிருந்து அது வந்ததும் எனக்கே கூசியது. அவர் இடுப்புத் துண்டை அவிழ்த்து அவள் கையைக் கட்டத் தொடங்கினார். அவளுடைய முன்கை ஒரு பக்கமாக வளைந்திருந்தது. நெற்றி தோல் உரிந்து மண்ணாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏன் குதித்தாய் என்று கேட்க வாயெடுத்தேன்.

அவள்தான் முதலில் பேசினாள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"சைக்கிளு நின்னுச்சா?"

மண்மேட்டில் சாய்ந்து கிடந்த சைக்கிள் அவளுக்குத் தெரியாதபடி நகர்ந்து உட்கார்ந்தேன்.

"நின்னுருச்சு" என்றேன்.

"நான் எறங்குன ஒடனேயா?"

"ஆமா. ஒடனே."